நானூறு சொட்டு தேவ்சோபா

அஷ்டமான் தண்டுகார் போய்ச் சேர்ந்து இந்தத் தசைன் பண்டிகையோடு மூன்று வருஷம். மங்கள்பஜார் பக்கம் யாருக்காவது காய்ச்சல் ஒரு வாரத்தைத் தாண்டிவிட்டால் இன்றைக்கும், "அஷ்டமான் இருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பான்" என்கிறார்கள். சொல்லுவான், பொய்யில்லை. அவனுக்கு யார் சொன்னார்கள் என்பது எனக்கும் இன்னொருவருக்கும் மட்டும்தான் தெரியும். பத்தொன்பது வருஷம் அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஊசி குத்தி ரத்தம் எடுத்தவள் நான், நுச்சேமாயா மகர்ஜன். இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இனி யாருக்குப் பயந்து?

அவன் அப்பா கல்யாண ஊர்வலத்தில் மேளம் அடித்தவர். இவன் பதினாலு வயதில் ஒரு ஆஸ்பத்திரியில் குப்பி கழுவப் போனான். கழுவிக்கொண்டே கண்ணால் ரத்தச் சோதனை வேலை கற்றுக்கொண்டான். எங்கள் கிளினிக் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கிய பட்டம் முதலாளி புத்திராஜ் சாகுவின் மைத்துனனுடையது. அந்த மைத்துனன் ஒருநாளும் இந்தப் படி ஏறியதில்லை. பட்டம் ஒருவனுக்கு, பாடு ஒருவனுக்கு. அஷ்டமான் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டான். சட்டைப் பையில் அவலும் வறுத்த சோயாவும் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கொறிப்பான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "உன் நாக்கு ஒண்ணே போதும்க்கா, வீட்டுல வேற ஒண்ணு எதுக்கு?" என்பான். என்னைவிட இரண்டு வயது இளையவன், ஆனால் கோபம் வந்தால் கிழவன். காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் அம்மாக்களிடம், "ரத்தம் என்ன உங்க ரேடியோவா, திருகின உடனே பேச? ஏழு நாள் ஆகட்டும், போங்க" என்று விரட்டுவான்.

வேலை கடினமில்லை. எடுத்த ரத்தத்தை நிற்கவைத்தால் மேலே மஞ்சளாக நீர் தெளியும். அதில் ஒவ்வொரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தட்டில் நான்கு வட்டத்திலும் வைக்க வேண்டும். இரண்டு வட்டம் டைபாய்டுக்கு, இரண்டு அதன் தங்கை காய்ச்சல்களுக்கு. ஒவ்வொன்றிலும் நீலமோ சிவப்போ மருந்து ஒரு சொட்டு. பிறகு தட்டைக் கையில் பிடித்து ஒரு நிமிஷம் மெல்ல ஆட்ட வேண்டும். காய்ச்சல் ரத்தமாக இருந்தால் எலுமிச்சை பிழிந்த பால்போல் திரியும். இல்லையென்றால் வழவழவென்று அப்படியே கிடக்கும்.

ஒரே ஒரு வம்பு உண்டு. மருந்து கெட்டுப்போனால் பார்வைக்குத் தெரியாது. கெட்ட மருந்து எல்லாருக்கும் "இல்லை" என்றே சொல்லும். அதனால் தினமும் காலையில் முதல் வேலையாக, டைபாய்டு என்று நிச்சயமாகத் தெரிந்த ஒருவர் ரத்தத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். அது திரிந்தால் மருந்து நல்ல மருந்து. திரியாவிட்டால் மருந்தைக் கொட்ட வேண்டும். இதற்கென்று கம்பெனிக்காரன் ஒரு சிறு குப்பி தருவான், பதினைந்து நாளில் தீர்ந்துவிடும். இன்னொன்று வாங்கச் சொன்னால் சாகு உடம்பில் எறும்பு ஊர்ந்தாற்போல் நெளிவார். ஆகவே எங்கள் தெருவில் எல்லா லேப்காரர்களும் யாரோ ஒரு நோயாளியின் நீரை எடுத்து உறைபெட்டியில் வைத்துக்கொள்வார்கள். மாதத்துக்கு ஒருவர் மாறுவார். அஷ்டமான் மட்டும் ஒருத்தியைப் பிடித்தான், விடவே இல்லை.

அவள் பெயர் தேவ்சோபா ஷாக்யா. ஓகுபஹாலில் சிலை வார்க்கும் ரத்னஜோதியின் மனைவி. முப்பத்தொரு வயது, ஒரே பெண் பிள்ளை. மூன்று வாரக் காய்ச்சலை வீட்டு வேலைக்கு நடுவே தூக்கிச் சுமந்துவிட்டு, தசைனுக்கு முந்தின வாரம் எங்கள் படியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தாள். நான்தான் ரத்தம் எடுத்தேன். "கொஞ்சம் ஜாஸ்தியா எடு அக்கா, மறுபடி படியேற முடியாது" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. தட்டில் வைத்த கணமே திரிந்துவிட்டது. அப்படி ஒரு வேகத்தை அஷ்டமான் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அதற்குள் குடல் ஓட்டையாகிவிட்டது. மூன்றாம் நாள் சங்கமூல் ஆற்றங்கரையில் எரித்தார்கள்.

மிச்சமிருந்த நீரை அவன் கொட்டவில்லை. ஒரு சொட்டோடு ஒன்பது சொட்டு உப்பு நீர் கலந்தாலும் திரிந்தது. இருபது சின்னக் குப்பியில் பங்கு போட்டு உறைபெட்டியில் வைத்தான். குப்பிக்கு இருபது சொட்டு என்று கணக்குப் பார்த்தால் நானூறு சொட்டு.

"செத்தவ ரத்தம்டா அது. அவ வீட்டுல ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" என்றேன்.

"கேட்டா தருவாங்களா?"

"தரமாட்டாங்க."

"அப்புறம் ஏன் கேக்கணும்?" என்று சோயாவை மென்றான்.

தினமும் ஏழரை மணிக்குக் கதவைத் திறந்து, பூசை அறைக்குள் போகிறவன்போல் கை கழுவி, குப்பியை உள்ளங்கையில் வைத்து இளக்குவான். "எழுந்திரும்மா, வேலைக்கு நேரமாச்சு" என்பான். சொட்டு வைத்து ஆட்டுவான். பன்னிரண்டு நொடி. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுவேன். திரிந்ததும் "வந்துட்டா" என்று நோட்டில் எழுதுவேன். ஆரம்பத்தில் எனக்கு உடம்பு கூசியது. அப்புறம் பழகிப்போயிற்று. எதுதான் பழகாது மனுஷப் பிறவிக்கு!

ஆனி பிறந்ததும் ரத்னஜோதி வந்தார். ஆளே பாதியாக இளைத்திருந்தார். காய்ச்சல் மாதிரி இருக்கிறது, பார்க்கவேண்டும் என்றார். ரத்தம் எடுத்து உட்காரவைத்தேன். அன்றைக்குப் புது மருந்து பிரித்திருந்ததால் தேவ்சோபாவின் சொட்டையும் அதே தட்டில் ஓரத்து வட்டத்தில் அஷ்டமான் வைத்திருந்தான். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு விரற்கடை தூரத்தில். அந்த மனிதருக்குத் தெரியாது. இவருடையது வழவழவென்று இருந்தது, அவளுடையது திரிந்தது.

"காய்ச்சல் ஒண்ணுமில்ல அண்ணே. தூங்குறீங்களா?" என்று அஷ்டமான் கேட்டான்.

"எங்க தூங்குறது? அவ வரா. தினம் வரா. தலையெல்லாம் ஈரம், பல்லு தந்தியடிக்குது. மாடிப்படியில நின்னுக்கிட்டு, 'இங்க ரொம்பக் குளிருதுங்க, தினம் காலைல ஏழரைக்கு யாரோ எழுப்பி வேலை வாங்குறாங்க'ன்னு சொல்றா. ஏழரைன்னு மணி சொல்றா, பாருங்க. செத்தவளுக்கு மணி எதுக்கு?"

நான் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தேன். அஷ்டமானைப் பார்த்தேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாமியாடுற அம்மாகிட்ட போனேன். இவளோடது ஏதோ ஒண்ணு அந்நியர் வீட்டுல தங்கிப்போச்சாம். அது போய்ச் சேர்ற வரைக்கும் இவளும் போகமாட்டாளாம். புடவையா, வளையலா, யார்கிட்ட என்னத்தக் குடுத்தான்னு தெரு முழுக்கக் கேட்டுட்டேன். உங்ககிட்ட ஏதும் விட்டுட்டுப் போனாளா அக்கா?"

"இல்லையே" என்றேன். என் வாயில் மண் விழ! அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவர் படியிறங்கிப் போனார். உறைபெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"குடுத்துடுடா. பாவம் அந்த மனுஷன்" என்றேன்.

"மழை வரப்போகுதுக்கா. சாக்கடையும் குடிதண்ணியும் ஒண்ணாகப் போகுது. தினம் பதினஞ்சு பிள்ளைங்க வரும். இவ இல்லாம என் மருந்து நிஜம் பேசுதா பொய் பேசுதான்னு யாரைக் கேப்பேன்?" என்றவன், கொஞ்சம் கழித்து, "மதயா வரைக்கும். மதயா முடிஞ்சதும் மிச்சத்தை நானே ஆத்துல விட்டுடறேன்" என்று தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினான். மதயாதான் எங்கள் ஊரில் அந்த வருஷத்துச் செத்தவர்களுக்கு விளக்குக் காட்டும் நாள். வீட்டார் வெறுங்காலோடு ஊரிலுள்ள ஆயிரத்து முந்நூறு சைத்தியத்துக்கும், அந்தச் சின்னச் சின்ன புத்தர் மாடம் அத்தனைக்கும், நடந்து ஒவ்வொன்றிலும் திரியும் அரிசியும் வைப்பார்கள். அந்த வெளிச்சத்தில் செத்தவர்கள் வழி கண்டு போய்விடுவார்கள். அன்றிலிருந்து அவன் "எழுந்திரும்மா" என்று சொல்வதை நிறுத்திவிட்டான். கூச்சமாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொட்டு வைப்பான்.

மதயாவுக்கு முந்தின இரண்டு நாளும் பண்டிகை, கிளினிக் மூடியிருந்தது. மூன்றாம் நாள் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. ஊரே விடியுமுன் வரிசை பிடித்து நடக்கப் போயிருந்தது. ஏழரைக்கு அஷ்டமான் குப்பியை இளக்கிச் சொட்டு வைத்து ஆட்டினான்.

"பன்னெண்டு" என்றேன். நீலம் வழவழவென்று கிடந்தது.

"முப்பது... ஒரு நிமிஷம்."

வேறு சொட்டு வைத்தான். ஆட்டினான். மூன்றாம் சொட்டும் வைத்தான். ஒரு நூல்கூடத் திரியவில்லை. அவன் தட்டை மெல்லக் கீழே வைத்தான். முகம் தெளிந்து சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டது.

"போயிட்டாக்கா" என்றான். "மதயா இல்ல இன்னைக்கு? போய்ச் சேர்ந்துட்டா."

கைகூப்பினான். நானும் கூப்பினேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அட மூதேவிகளா! சொட்டு திரியாவிட்டால் முதலில் மருந்தைச் சந்தேகப்பட வேண்டும் என்பது குப்பி கழுவுகிறவனுக்கும் தெரியும். பத்தொன்பது வருஷத்தில் ஒருநாளும் தவறாதவன், அன்றைக்குத் தவறினான். மனசில் இருந்த குற்றம் இறங்கிய சந்தோஷம் இரண்டு பேர் கண்ணையும் மறைத்துவிட்டது.

அன்று பதினோரு பேர் வந்தார்கள். மூன்றாவதாக வந்தவள் பலிஸ்தா, தேவ்சோபாவின் மகள், ஒன்பது வயது. அத்தைக்காரி இழுத்து வந்திருந்தாள். எட்டு நாளாகக் காய்ச்சல்.

"அண்ணன் விடியுமுன்ன நடக்கப் போயிட்டார். ஊர்வலம் நம்ம பஹால் வாசலுக்கு வர்றப்ப இவளும் சேரணும். பெத்த பொண்ணு வெக்கிற திரிதான் அவளுக்குச் சேரும்னு ஒரே பிடிவாதம். காய்ச்சல் பெருசான்னு பாத்துச் சொல்லிடுங்க. பெருசா இருந்தா படுக்கப்போட்டுடறேன்" என்றாள் அத்தை.

பிள்ளை ஊசிக்கு அழவில்லை. அம்மாவைப் போலவே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அஷ்டமான் தட்டை ஆட்டினான். நாலு வட்டமும் வழவழ.

"ஒண்ணுமில்ல. மழை ஜுரம். நடக்கட்டும், அவங்க அம்மா பாத்துப்பா" என்றான். முன்னறையில் உட்காரும் டாக்டரும் எங்கள் சீட்டைப் பார்த்து ஒரு காய்ச்சல் மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்.

பதினோரு பேருக்கும் இல்லை. மழை மாதத்தில்! சாகு கூட, "மதயா புண்ணியம்" என்று சொல்லிக்கொண்டு மேலே போனார். மத்தியானம் இரண்டு மணிக்கு மருந்துக் குப்பிகளைத் துடைத்து எடுத்து வைத்தேன். நீலக் குப்பியை எடுத்தபோது மூக்கில் ஓம வாசனை அடித்தது. திருப்பிப் பார்த்தேன். லேபிளில் ஒரு பயற்றுத் தோல் ஒட்டிக் காய்ந்திருந்தது. பண்டிகைக்கு ஒன்பது பயறு முளைகட்டி, ஓமம் தாளித்து அண்டா அண்டாவாக நாங்கள் கொதிக்கவைக்கும் குவாத்திக் குழம்பின் தோல். இரண்டிரண்டு படியாகத் தாண்டி மேலே சாகுவின் மனைவி ஹீராதேவியிடம் ஓடினேன். கீழே கிளினிக்கில் இருந்த குளிர்பெட்டிதான் அவர்கள் வீட்டுக்கும்.

"இந்தக் குப்பி உங்க சமையக்கட்டுக்கு வந்துச்சா?"

"ஐயே, அதுக்கு ஏன் இப்படி முழிக்கிற? தயிர்ச்சட்டி ஆறு வெக்கணுமே, இடம் வேணாமா? ரெண்டு நாள் எல்லாக் குப்பியையும் அடுப்பு மேடையில எடுத்து வெச்சிருந்தேன். காலைல அதே மாதிரி அடுக்கிட்டேனே! மேல்தட்டு உறைபெட்டிய மட்டும் நான் தொடல. உள்ள யார் ரத்தமோ இருக்குமாமே."

அண்டாவுக்குப் பக்கத்தில் இரண்டு நாள். மருந்து வெந்துபோயிருந்தது.

கீழே வந்து சொன்னதும் அஷ்டமானுக்குப் பேயறைந்தாற்போல் ஆகிவிட்டது. எதிர் லேப்புக்கு ஓடி ஒரு நீலக் குப்பி கடன் வாங்கி வந்தான். தேவ்சோபாவின் சொட்டை வைத்து, மருந்து விட்டு ஆட்டினான்.

பன்னிரண்டு நொடி. திரிந்தது.

"போகலக்கா" என்றான். "இங்கயேதான் இருக்கா. காலைல வாயடைச்சு நின்னாளே, மருந்து கெட்டுப்போச்சுன்னு அவ சொல்லத்தான் சொன்னா. நான்தான் கேக்கல."

காலை ரத்தத்தின் மிச்சம் பதினோரு குழாயிலும் இருந்தது. பலிஸ்தாவின் சொட்டை வைத்தோம். மருந்து பட்ட கணமே திரிந்தது, அவள் அம்மாவுடையது அன்றைக்குத் திரிந்த மாதிரியே. மீதிப் பத்தில் ஐந்து திரிந்தன. அந்த ஐந்து வீட்டுக்கும் செருப்புத் தேய ஓடும்படி சாகுவையே விரட்டினேன். அந்த ஒருநாள்தான் அவர் எனக்குக் கீழ்ப்படிந்தார். அஷ்டமான் அதற்குள் தெருவில் இறங்கியிருந்தான். நானும் பின்னால் ஓடினேன்.

நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. சந்து சந்தாக ஊர்வலம் வளைந்து போய்க்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான பேர், ஒருவர் பின் ஒருவர், வெறுங்கால், நனைந்த தலை, கையில் விளக்கு. சிலர் முகமூடி போட்டிருந்தார்கள். அஷ்டமான் எதிர்த்திசையில் போய் ஒவ்வொரு சின்ன முகமாகக் குனிந்து பார்த்தான்.

"யோவ், வரிசையில குறுக்க வராதே! எங்களுக்குப் பின்னால அவங்க வராங்கய்யா, இடிக்காதே!" என்று ஒரு கிழவர் தள்ளினார். அவங்க என்றால் யார் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. எனக்கு அன்றைக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

நாக்பஹால் முனையில் கண்டுபிடித்தோம். அப்பாவுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். கண் சிவந்து நிலைகுத்தியிருந்தது. கால் விரலிலிருந்து ரத்தம். ஆனால் ஒரு சைத்தியம் தவறாமல் குனிந்து திரி வைத்தாள். நான் நெற்றியைத் தொட்டேன், கை சுட்டது.

"நல்லாத்தான் நடக்கிறா. ஒரு வாய் தண்ணி கேக்கல" என்றார் ரத்னஜோதி பெருமையாக.

"பலிஸ்தா, நில்லும்மா" என்றேன்.

"நிக்க முடியாது அக்கா. அம்மா முன்னால போறாங்க. அவங்க கைகாட்டுற இடத்துல நான் வெக்கிறேன். விட்டா தூரமாப் போயிடுவாங்க."

முன்னால் பார்த்தேன். அவ்வளவு நெரிசலில், மூச்சு முட்டும் கூட்டத்தில், அவளுக்கு முன்னே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. யாரும் அதற்குள் கால் வைக்கவில்லை. வரிசை நகர்ந்தபோது அந்த இடமும் நகர்ந்தது. நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன். நம்பாதவர்கள் போகலாம்.

அஷ்டமான் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டான். அவள் "அம்மா, அம்மா" என்று அலறிக்கொண்டு அந்த வெற்றிடத்தைப் பார்த்துக் கைநீட்டினாள். ரத்னஜோதி அவன் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"வரிசையில இருந்து பிரிக்கிறியே, பாவி! எம் பொண்டாட்டி எப்படிக் கரையேறுவா?"

"அண்ணே, இவளுக்கு டைபாய்டு. காலைல நான் தப்பாச் சொல்லிட்டேன். அண்ணி... அண்ணி கரையேற மாட்டாங்க. அவங்களை நான் வெச்சிருக்கேன். உறைபெட்டியில. ஒரு வருஷமா."

மழைக்குள் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ரத்னஜோதி ஓங்கி ஓர் அறை விட்டார். அவன் தொப்பி சாக்கடையில் போய் விழுந்தது. இன்னோர் அறைக்கும் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். அதற்குள் நான் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் ஓட ஆரம்பித்தேன். இரண்டு ஆண்பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்கள்.

ஆறு நாள் ஊசி மருந்து. தாயைக் கொன்ற காய்ச்சல் மகளை என்ன செய்யுமோ என்று அஷ்டமான் வார்டு வாசலிலேயே கிடந்தான். அவலைக்கூடத் தொடவில்லை. ரத்னஜோதி அவனைத் தாண்டித் தாண்டிப் போவார், ஏறெடுத்துப் பார்க்கமாட்டார். ஏழாம் நாள் விடிகாலை பிள்ளைக்கு வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது. கஞ்சி கேட்டாளாம். அப்போதுதான் அவர் வெளியே வந்து அவன் முன்னால் நின்றார்.

"ஒரு வருஷமா எம் பொண்டாட்டிய வேலைக்கு வெச்சிருந்திருக்க. கூலி குடுத்தியா?"

அஷ்டமான் தலை குனிந்தான்.

"யமன் ஊர்ல எங்கயோ குளிர்ல நிக்கிறான்னு நெனச்சு நான் அழுதுட்டிருக்கேன். நீ பக்கத்துத் தெருவுல பூட்டி வெச்சிருக்க."

"இப்பவே குடுத்துடறேன் அண்ணே. ரெண்டு குப்பி இருக்கு. வாங்க, சங்கமூலுக்குப் போலாம்."

அவர் வார்டுக்குள் பார்த்தார். மகளுக்குப் பக்கத்துக் கட்டிலில் அன்றைக்குத் திரிந்த ஐந்து பேரில் ஒருவன், ஒரு ரொட்டிக்கடைக்காரன் பிள்ளை, படுத்திருந்தான்.

"ரெண்டு குப்பின்னா எத்தனை நாளுக்கு வரும்?"

"நாப்பது சொட்டு. நாப்பது நாள்."

"மழை எப்ப முடியும்?"

"தசைன் வரைக்கும் காய்ச்சல் காலம்தான் அண்ணே."

"அப்ப அதுவரைக்கும் இருக்கட்டும். நான் அவகிட்ட சொல்லிக்கிறேன்" என்றார். "ஆனா நீ எழுப்பாதே. நான் வந்து எழுப்புறேன்."

மறுநாள் ஏழரைக்குப் பட்டறைக்குப் போகும் வழியில் படியேறி வந்தார். செருப்பை வாசலில் விட்டார். அஷ்டமான் குப்பியை அவர் உள்ளங்கையில் வைத்தான். அவர் மூடிப்பிடித்து இளக்கினார், காதுக்குள் பேசுகிற மாதிரி கைக்குள் எதையோ முணுமுணுத்தார். சொட்டு வைத்ததும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நொடி. எங்களுக்கு ஒரு வருஷம் பன்னிரண்டு நொடியில் வந்தவள், இவருக்கு ஆறு நொடியில் வந்தாள். "கைச்சூடுக்கா" என்றான் அஷ்டமான். அவன் கையும் சூடாகத்தானே இருந்தது?

தினமும் வந்தார். வீட்டு விஷயமெல்லாம் தட்டைப் பார்த்துச் சொல்லுவார். பலிஸ்தா தோசை கேட்டாள், பலிஸ்தா மாடிக்கு ஏறினாள், தாராதேவி சிலைக்கு மூக்கு சரியாக வரவில்லை. ஆறு நொடி, சில நாள் ஐந்து. பிறகு நாங்கள் அன்றைய ரத்தங்களைப் பார்க்க ஆரம்பிப்போம். கனவில் வருகிறாளா என்று ஒருநாள் கேட்டேன். "எதுக்கு? இங்கதான் பாத்துக்கிறோமே" என்றார். அந்த மழை முழுக்க எங்கள் தட்டு ஒரு பொய் சொல்லவில்லை.

தசைனுக்கு நாலு நாள் இருக்கும்போது குப்பியில் இரண்டு சொட்டு மிச்சம். முந்தின நாள் ஆறு நொடி, நோட்டில் என் கையெழுத்து இருக்கிறது. அன்று அவர் கொஞ்சம் தாமதமாக வந்தார். குப்பியைக் கைக்குள் வைத்துக்கொண்டு, "பாப்பா இன்னைக்கு ஸ்கூலுக்குப் போயிட்டா. தானே ஜடை போட்டுக்கிட்டா. இனி பயமில்ல, தேவ்சோபா" என்றார்.

அஷ்டமான் சொட்டு வைத்தான். ஆட்டினான்.

ஆறு. பன்னிரண்டு. ஒரு நிமிஷம். நீலம் வழவழவென்று கிடந்தது.

மிச்சமிருந்த ஒரே சொட்டையும் வைத்தான். அதுவும் அசையவில்லை. ரத்னஜோதிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்ணை மூடிக் கைகூப்பினார். கன்னத்தில் தாரை தாரையாக ஓடியது. அஷ்டமானின் கையும் பாதிவரை எழுந்ததைப் பார்த்தேன். பிறகு அதைக் கீழே இறக்கிவிட்டான். மருந்துக் குப்பியை எடுத்து மூடினான். வெளியே பெஞ்சில் ஏழு பேர் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னைக்கு இங்க சோதனை இல்ல" என்று வாசலில் நின்று சொன்னான். "எதிர் லேப்புக்குப் போங்க. காசு நான் குடுக்கிறேன்."

"பிள்ளைக்குத் தீயாக் கொதிக்குது, இவனுக்கு லீவு கேக்குதா!" என்று ஒருத்தி வாய்க்கு வந்தபடி திட்டினாள். வாங்கிக்கொண்டான். ஏழு பேரையும் படியிறக்கி எதிர்ப்பக்கம் ஏற்றிவிட்டு, நீலக் குப்பியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு தானும் போனான். ரத்னஜோதி ஈரத் தட்டைத் தன் தொப்பிக்குள் வைத்து, "ஆத்துல விட்டுட்டு வரேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

அரைமணி கழித்து அஷ்டமான் திரும்பி வந்தான். குப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு, அவள் குப்பிகள் இருந்த உறைபெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான்.

"மருந்து செத்துப்போச்சாடா?" என்றேன்.

"அங்க டைபாய்டுன்னு வந்த மூணு பேர் ரத்தத்த இதுலயும் போட்டுப் பாத்தேன், மூணும் திரிஞ்சுது" என்றான். "மருந்து நல்லாத்தான் இருக்குக்கா."